பத்தரைக்குள் மென்னீர்

நடந்தவை, வரிசைப்படி:

1. சிதம்பரத்தில் அக்கா வீட்டு போர் தண்ணீரில் பருப்பு வேகவில்லை.
2. கடினநீரை மென்னீராக்கும் மெஷின் ஒன்றை வாங்கினார்கள்.
3. மாட்டித்தர ஆள் அனுப்புவதாகக் கடைக்காரர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன்.
4. நானே மாட்டினேன்.
5. பருப்பு வெந்தது.
6. அதை யாராலும் சாப்பிட முடியவில்லை.

மூன்றாவதிலேயே என் வாயைக் கட்டியிருக்கலாம். ஆனால் நான் கெமிக்கல் இன்ஜினியர். கடலூரில் ஒரு தொழிற்சாலையில் நாள் முழுக்கத் தண்ணீரைச் சுத்தம் செய்வதுதான் என் வேலை. லாரி உயரத் தொட்டிகளைக் கட்டி மேய்ப்பவளுக்கு இடுப்பளவு சிலிண்டர் எம்மாத்திரம்? (இந்தக் கேள்வியை அன்று வாய்விட்டே கேட்டேன். சாட்சிகள் இருக்கிறார்கள்.)

அக்கா அப்போதுதான் வீட்டிலிருந்தே சமைத்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தாள். பக்கத்துத் தெருவில் ஒரு பெண்கள் விடுதிக்குத் தினமும் மதியச் சாப்பாடு தேவைப்பட்டது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு வார்டன் அம்மா வந்து சாப்பிட்டுப் பார்ப்பார்; பிடித்தால் ஆர்டர். மெஷின் வாங்கியதே அதற்காகத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்பி ஏழரைக்கே போய் இறங்கினேன், கையில் பதினான்கு படிகள் கொண்ட பட்டியலோடு. பத்தாவது படி: உள்ளே கால்சியத்தைப் பிடிக்கும் ரெசின் மணிகளில் உப்புக் கரைசலை இறக்குதல். பதினோராவது: அந்த உப்பு போகும்வரை அரை மணி நேரம் அலசி, தண்ணீரைச் சாக்கடையில் விடுதல். அதற்கு எதிரே ‘மிக முக்கியம்’ என்று சிவப்பு மையில் நானே எழுதியிருந்தேன்.

ஒன்பதாவது படியில் கரண்ட் போனது. முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. கரைசல் இறங்கி முடிந்தபோது மணி பத்து இருபது.

அக்கா வீட்டுக்காரர் செந்தில் மாமா கடிகாரத்தைப் பார்த்தார். “வித்யா, பத்தரைக்கு ராகு காலம் பொறந்துடும். அதுக்குள்ள பைப்பத் தொறந்து வுட்டுடு.”

“இன்னும் அலசணும் மாமா. அரை மணி நேரம் ஆவும்.”

“புது மெஷினுதான? அதுல என்னா அழுக்கு இருக்கப்போவுது?”

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. “மொத மொதல்ல தொழில் பண்றேன்டி. ராகு காலத்துல தண்ணி புடிக்கச் சொல்றியா?”

எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. அது மூடநம்பிக்கை என்று கல்லூரிப் பேச்சுப்போட்டியில் பேசிப் பரிசே வாங்கியிருக்கிறேன். ஆகவே முற்றிலும் அறிவியல்பூர்வமாக யோசித்து, அரை மணி அலசலை ஐந்து நிமிடமாகக் குறைத்து, 10.27-க்கு வால்வைத் திருப்பினேன்.

மாமா சூடம் காட்டினார். நல்ல நேரத்துத் தண்ணீர் ஒரு சொட்டும் வீணாகக் கூடாதென்று அக்கா அண்டா, குடம், ஜாடி எல்லாவற்றையும் நிரப்பினாள்.

அரை மணி கழித்துக் குழாயில் கொஞ்சம் பிடித்துச் சோதனை செய்தேன். சோதனை மருந்தை ஒரு சொட்டு விட்டதும் அழகான நீலம். கடினத்தன்மை அறவே இல்லை! போட்டோ எடுத்து வாட்ஸப் குடும்பக் குழுவில் போட்டேன். குழாயில் அப்போது நல்ல தண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது. வங்காள விரிகுடா அண்டாவில் இருந்தது.

யாரும் குடித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். அக்காவுக்கு வெள்ளிக்கிழமை விரதம். சாமிக்குப் படைக்கும்முன் சமையலை நாக்கில் வைக்கமாட்டாள். மாமா கடை டீயிலேயே காலம் தள்ளுபவர். நான் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். (கண்ட தண்ணீரைக் குடிக்கமாட்டேன். கொள்கை.)

பருப்பு மூன்றாவது விசிலிலேயே வெண்ணெயாக வெந்தது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதே சந்தோஷத்தில் வழக்கமான உப்பையும் அள்ளிப் போட்டாள்.

சாமிக்குப் படைத்து நிமிர்வதற்குள் வார்டன் அம்மா வந்துவிட்டார். உட்கார்ந்தார். சாம்பார் சாதத்தை ஒரு வாய் வைத்தார். முகம் ஒரு கணம் நின்றது. நாகரிகமான பெண்மணி, துப்பாமல் விழுங்கிவிட்டு டம்ளரை எடுத்து ஒரு பெரிய மடக்கு குடித்தார்.

டம்ளரிலும் அண்டா தண்ணீர்தான்.

“ஏம்மா,” என்றார் மூச்சு வந்ததும், “தண்ணி பிச்சாவரத்துலேர்ந்து வருதா?”

“மெஷின் தண்ணிங்கம்மா,” என்றாள் அக்கா பெருமையாக. “எந்தங்கச்சி இன்ஜினியரு. அவதான் மாட்டுனா.”

வார்டன் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தயிரை மட்டும் வழித்துச் சாப்பிட்டார். “தயிரு நல்லாருக்குது. எந்தக் கடையில வாங்குனீங்க?”

அவர் போனதும் மாமா சாம்பாரில் விரலை விட்டு நக்கினார். அக்காவும் நக்கினாள். “ஏன்டி, உப்ப எடுக்கிற மெஷின்னுதான சொன்ன?”

அது உப்பை எடுக்காது, கால்சியத்தைத்தான் எடுக்கும் என்று விளக்க ஆரம்பித்தேன். அது விளக்கத்துக்கான நேரம் அல்ல என்பது கரண்டி உயர்ந்தபோது புரிந்தது.

விடுதி ஆர்டர் கிடைக்கவில்லை. புவனகிரி பக்கத்திலிருந்து யாரோ எடுத்துக்கொண்டார்கள். அக்கா இரண்டு மாதம் அலைந்து, ஒரு டியூஷன் சென்டர் ஆசிரியர்களுக்குச் சமைக்கும் வேலையைப் பிடித்தாள். அது இன்றும் நடக்கிறது. எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டில் குழம்பில் உப்பு ஜாஸ்தியானாலும் “வித்யா வந்துட்டுப் போனாளா?” என்றுதான் கேட்கிறார்கள். கல்யாணப் பந்திகளில்கூட.

மெஷின் நன்றாக ஓடுகிறது. அக்காவே பார்த்துக்கொள்கிறாள். நான் போனால் முன்னறையில் உட்காரவைத்துக் காபி கொடுக்கிறார்கள். அடுப்படிப் பக்கம் விடுவதில்லை.