மூன்று விதமாக எழுதித் தருபவர்

இங்கிலீஷ் தெரிந்தவர்களால் பெங்களூருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. தெரியாதவர்களாலும் இல்லை. தொந்தரவெல்லாம் மூன்றாவதாக ஓர் இனத்தால்: அடுத்தவர் எழுதிய இங்கிலீஷில் ஒரு சொல்லைத் தூக்கி வேறோர் இடத்தில் வைக்காவிட்டால் சாப்பிட்டது செரிக்காதவர்கள். மல்லேஸ்வரத்தில் வேதநாயகி குடியிருக்கும் தெருவுக்கு வாய்த்தவர் சீனிவாசராகவன்.

எழுத்துப் பிழையை அவர் சீண்ட மாட்டார். அது சின்னவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை. அவர் உயிர் இருப்பது அட்வெர்ப் என்ற ஒன்றில். ஒரு காரியம் எப்படி நடந்தது, எவ்வளவு நடந்தது, எவ்வளவு முன்னால் நடந்தது என்று சொல்லும் அந்தத் துண்டுச் சொல், வினைச்சொல்லுக்கு முன்னால் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா, ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ மாதிரி ஏதாவது ஒன்றின் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறதா என்று பார்ப்பதற்காகவே அவர் பேக்கரிப் பலகை, கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, தண்ணீர் லாரிக்காரர் ஒட்டிய துண்டுச் சீட்டு எல்லாவற்றின் முன்னாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிற்பார். பால் வாங்கப் போனவர் பத்து மணிக்குத்தான் திரும்புவார். பால் திரிந்திருக்கும்.

எதிர் வீட்டுப் பெரியவர் இறந்தபோது பேப்பரில் கொடுக்க எழுதிய அறிவிப்பைப் பார்த்துவிட்டு அவர் மகன் பிரகாஷிடம் போய், “அப்பா அமைதியாப் போனாரா, இல்ல, வீடு அமைதியா இருந்ததா? இதுல ரெண்டும் வருதே” என்று கேட்டவர் அவர். பிரகாஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ரெண்டும்தான் சார்” என்றான். வேறு என்ன சொல்வான்?

இவரிடம் ஒரு முறை உண்டு. ஓர் அரசு அலுவலகத்தில் கடிதப் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்தபோது பழகியது. எதையும் ஒரே விதமாகத் திருத்தித் தர மாட்டார். மூன்று விதமாக, ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதித் தருவார். எது வேண்டும் என்று மேலதிகாரி முடிவு செய்ய வேண்டுமாம். மேலதிகாரி இல்லாத தெருவில் அந்த முடிவை யார் எடுப்பது? நீங்கள்தான். நின்று யோசியுங்கள்.

வேதநாயகி வீட்டிலேயே சமைத்துப் பக்கத்து அறைகளில் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுப்பவள். இரண்டு அடுப்பு, ஒரு கிரைண்டர், கூடமாட இருக்க வள்ளியம்மா. ஒரு புதன்கிழமை மதியம், யஷ்வந்த்பூர் பக்கத்து ஐடி கம்பெனி ஒன்றிலிருந்து அவளுக்கு மெயில் வந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் அறுபது சாப்பாடு, ஒரு மணிக்குள் வர வேண்டும். பிடித்திருந்தால் வாராவாரம் கொடுக்கலாம். சம்மதமா என்று நான்கு மணிக்குள் எழுத வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அனுப்பியவர் ஹரிஷ்குமார் என்ற அதிகாரி.

இப்படி ஒன்று வராதா என்று இரண்டு வருடமாகக் காத்திருந்தாள் வேதநாயகி. அறுபது சாப்பாடு, வெள்ளியன்று ஒரு மணிக்குள், அனுப்புகிறோம் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரே வரி அடித்தாள். அது போதும். உங்களுக்குத் தெரிகிறது, வள்ளியம்மாவுக்கும் தெரிந்தது.

“அதான் எழுதிட்டியே அக்கா. தட்டி விடு.”

“படிச்சவங்க பாக்கிற மெயிலு வள்ளி. சார் ஒரு பார்வை பாத்துடட்டும்.”

அந்தத் தெருவின் வழக்கம் அது. இங்கிலீஷில் ஒரு வரி எழுதினாலும் சீனிவாசராகவன் பார்க்காமல் வெளியே போகாது. கூப்பிட்டதும் வந்தார், சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தார், போனைக் கையில் வாங்கிக் கண்ணாடியை மேலே ஏற்றினார். மணி மூன்று இருபது.

“ஒரு மணிக்கு முன்னாடின்னு இருக்கு. எவ்வளவு முன்னாடி?”

“ஆறிப் போகாம இருக்கணும் சார். அவ்ளோதான்.”

“அதைத்தாம்மா அட்வெர்ப் சொல்லும்.”

சொல்ல ஆரம்பித்தார். ‘வெல் பிஃபோர்’ என்றால் ரொம்ப முன்னால், ‘ஷார்ட்லி பிஃபோர்’ என்றால் சற்று முன்னால், ‘ரைட் அட்’ என்றால் மணி அடிக்கும்போதே. ‘சர்டன்லி’ என்று ஒன்று சேர்த்தால் கம்பெனிக்கு நம்பிக்கை வரும்; ஆனால் அதை ‘வில்’லுக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா, கடைசியில் தனியாக விடுவதா என்பதில் அவருக்கே மூன்று அபிப்பிராயம் இருந்தது. வேதநாயகி தலையை ஆட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஐம்பதுக்கு அவர் மூன்று வரிகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அடித்து முடித்து, “சேவ் பண்ணிட்டேன், எது வேணும்னு நீங்க பாருங்கோ” என்று போனை நீட்டினார்.

அவர் சேவ் பண்ணவில்லை. அனுப்பிவிட்டிருந்தார்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. சீனிவாசராகவனே வாசித்தார். ஹரிஷ்குமாருக்கு ரொம்ப சந்தோஷம். ஒரு மணிக்கு ரொம்ப முன்னால் அறுபது, சற்று முன்னால் அறுபது, சரியாக ஒரு மணிக்கு அறுபது என்று மூன்று பந்தியாக நூற்று எண்பது சாப்பாடு தருவதாகச் சொன்னது நல்ல யோசனை. மேலே சொல்லியாகிவிட்டது. மிகவும் பாராட்டுகிறார்.

“இந்த ‘கிரேட்லி’யை மட்டும் சரியான இடத்துல போட்டிருக்கார்” என்றார் சீனிவாசராகவன்.

வேதநாயகி அடுப்பைப் பார்த்தாள். நேற்று வரைக்கும் இரண்டு அடுப்பு அவளுக்குக் குறைச்சலாகத் தெரிந்ததில்லை. ஒத்துக்கொண்டால் வெள்ளிக்கிழமை பாதிப் பேர் பட்டினி. முடியாது என்றால் சொன்ன சொல் மாறுகிறவள் என்ற பெயர். முதல் நாளிலேயே.

“நூத்தியெண்பதுக்கு சாம்பாரு, குளிக்கிற அண்டாலதான் வைக்கணும்” என்றாள் வள்ளியம்மா.

சீனிவாசராகவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. நல்ல மனிதர். தப்பு தன்னுடையது என்று உடனே ஒத்துக்கொண்டார், வருத்தம் தெரிவித்து உடனே ஒரு மெயில் எழுதுவதாகச் சொல்லிப் பேப்பர் கேட்டார், பேனா கேட்டார். ‘ரிக்ரெட்’டுக்கு முன்னால் ‘டீப்லி’யா, ‘சின்சியர்லி’யா என்று அவர் உதடு முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போது வேதநாயகி போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். மெயிலின் அடியில் நம்பர் இருந்தது.

“ஹலோ, ஹேளி” என்று கன்னடத்தில் சொல்லச் சொன்னது அந்தப் பக்கம்.

“நமஸ்காரா சார். ஊட்டா கொடோரு மாத்தாடோது, வேதநாயகி.” சாப்பாடு கொடுப்பவள் பேசுகிறேன் என்று தனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னாள்.

“தமிழா மேடம்? நானும் தருமபுரிதான். சொல்லுங்க.”

அவளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. “அந்த மூணு வரியும் ஒரே அறுபதுதான் சார். மூணு விதமா எழுதிப் பாத்தோம், மூணும் வந்துடுச்சு. தப்பு எங்களுதுதான்.”

ஹரிஷ்குமார் இழுத்தார். நூற்று எண்பதுக்காக இல்லை, மூன்று பந்திக்காகத்தான் மேலே சம்மதித்தார்கள். இப்போது கொடுக்கிறவரிடம் கடைசியில் சாப்பிடுகிறவர்களுக்கு எப்போதும் ஆறிப்போனதுதான் கிடைக்கிறது. இனி அவர்களிடம் என்ன சொல்வது?

வேதநாயகி ஒரு மூச்சு எடுத்தாள். “அந்த அறுபதையே மூணு தடவையா தரேன் சார். இருபது இருபதா. கடைசியா உக்கார்றவருக்கும் ஆவி பறக்கும். இந்த வெள்ளி ஒன்லி பாருங்க. அப்புறம் நீங்க சொல்றதுதான்.”

“மிச்ச நூத்தியிருபது பேருக்குப் பழைய ஆளையே வெச்சுக்கட்டுமா?”

“வெச்சுக்குங்க சார்.”

“சரி மேடம். அப்படியே பண்ணிடலாம்.”

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே வந்து சொன்னபோது சீனிவாசராகவன் வருத்தத்தின் இரண்டாவது விதத்தில் இருந்தார். “எல்லாம் எழுத்துல இருக்கணும்மா, ஒரு வரி போட்டுடலாம்” என்று கையை நீட்டினார். வேதநாயகி போனை அரிசி டின் மேல் வைத்து, வள்ளியம்மாவை அதன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

வெள்ளிக்கிழமை வாசலில் கைக்கடிகாரத்தோடு நின்று மூன்று ஆட்டோவையும் நேரம் தவறாமல் கிளப்பியது சீனிவாசராகவன்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். திங்கட்கிழமை ஹரிஷ்குமாரின் மெயில் வந்தது: இனி எல்லா வெள்ளியும். வேதநாயகி ‘ஓகே சார்’ என்று அடித்து, அனுப்பி, போய்விட்டதா என்று இரண்டு தடவை பார்த்து, அதற்குப் பிறகுதான் அவரிடம் காட்டினாள். வெகு நேரம் பார்த்தார். இரண்டே சொல். எதையும் நுழைக்க இடமில்லை.

“ஒண்ணும் பண்றதுக்கில்ல” என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். குரலில் அப்படி ஒரு துக்கம்.

நீங்கள் சிரித்திருப்பீர்கள். நல்லது. ஆனால் இதைப் படித்து வரும்போது, எங்கேயோ ஒரு ‘தான்’ இரண்டு சொல் முன்னால் வந்திருக்கலாமே என்று மனசுக்குள் அதை எடுத்து நகர்த்திப் பார்த்தீர்களா? ஒரு தடவைதானே என்கிறீர்களா? வேதநாயகி வீட்டுப் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். அல்லது, போகாதீர்கள், தயவுசெய்து. எது வேண்டுமென்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.