டியன் பியன் பூவை மேசையில் பிடித்தவர்

மேசைத் தளபதி என்றொரு இனம் உண்டு. துப்பாக்கியைத் தொட்டிருக்க மாட்டார். ஆனால் எந்த அடிமை நாடு எந்தப் போரில் விடுதலை பெற்றிருந்தாலும், அதன் கடைசித் தாக்குதல் இவர் ஒப்புதலுக்காக இன்னும் காத்திருக்கிறது. ஜெர்மனியில், வுப்பர்டாலில், இந்த இனம் செழித்து வளர்கிறது. காரணம் ஊரின் அமைப்பு. நடுவே ஆறு, இருபுறமும் மலை. போர் வரைபடத்துக்குள் குடியிருப்பவர் தளபதியாகாமல் வேறு என்ன ஆவார்?

நம் யோகலிங்கத்தைப் பாருங்கள். வேலைக்கு விடுப்பு, வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. எதிரே நண்பர் தம்பித்துரை. மேசை நடுவே ஒரு தட்டு: அது டியன் பியன் பூ பள்ளத்தாக்கு. 1954இல் வியட்நாமை விட்டுப் போக மனமில்லாத பிரெஞ்சுப் படை, சீனிக்கட்டிகளாக, அதற்குள் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் தடித்த நீலக் கோப்பு, அது மலை. மலைமேல் நான்கு உளுந்து வடைகள். அவை வியட்நாமியரின் பீரங்கிகள்.

கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று தளபதி யோசிக்கவில்லை. அவருக்கு அது உயரம், அவ்வளவுதான். உள்ளே இருப்பவை மனைவி குமுதினியின் பத்திரங்கள். பதினாறு ஆண்டுகள் பிறர் அலுவலகங்களைத் துடைத்த பிறகு, முதியோர் பராமரிப்பு அவுஸ்பில்டுங்குக்கு, அந்தத் தொழிற்பயிற்சிக்கு, இடம் கிடைத்திருக்கிறது. இன்று பன்னிரண்டு மணிக்குள் மலைமேல் உள்ள பள்ளியில் பத்திரங்களை நேரில் கொடுக்க வேண்டும். தவறினால் இடம் வேறொருவருக்கு. காரில் கொண்டுபோய் விடுவதாக வாக்குக் கொடுத்தவர் தளபதி.

"வெளிக்கிடுவமே அப்பா?" சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள் குமுதினி.

"பத்தரையில இருந்து ராகுகாலம். பன்னிரண்டுக்கு முடிஞ்சிடும். முடிய வாறன்."

"பன்னிரண்டுக்குப் பள்ளிக்கூடக் கந்தோரும் பூட்டிடும்."

ஒரு பேரரசுக்கு அஞ்சாதவர், சுவரில் தொங்கும் நாட்காட்டியின் ஒரு கட்டத்துக்கு அஞ்சுகிறார். அதுவும் யாழ்ப்பாணத்துச் சூரியனுக்குக் கணக்குப் போட்ட நாட்காட்டி. கண்ணுக்குத் தெரியாத பாம்பு வுப்பர்டால் வரை வந்து கார்ச் சக்கரத்தைக் கடிக்குமா? கேட்டால் வரலாற்றுச் சான்று வரும்.

"குமுது, தாக்குதலைத் தள்ளிவைச்சபடியாத்தான் வியட்நாம்காரன் வெண்டவன். ஜனவரியில அடிச்சிருந்தால் தோத்திருப்பான். என்ன, தம்பித்துரை அண்ணை?"

"ஓம் ஓம்," என்றார் தம்பித்துரை, ஒரு பீரங்கியைத் தின்றபடி.

"அவங்கள் ஆயத்தம் செய்யத் தள்ளிவைச்சவங்கள். பஞ்சாங்கம் பாத்து இல்லை."

தளபதி காதில் விழவில்லை. பீரங்கி எத்தனை, முற்றுகை எத்தனை நாள், எந்தக் குன்று எந்த மணிக்கு விழுந்தது என்று முக்கால் மணி நேரம் முழங்கக்கூடிய இந்த இனம், அந்த வியட்நாம் படைக்கு அரிசி மூட்டை ஏற்றிய சைக்கிள்களைச் சேற்றுப் பாதையில் தள்ளித் தள்ளி, விழுந்து, எழுந்து, சில இடங்களில் எழாமலே போன ஆயிரமாயிரம் ஆண்களையும் பெண்களையும் அரை மூச்சில் கடந்துவிடும். மேசையில் அவர்களுக்கு ஒரு சீனிக்கட்டிகூட இல்லை. வரலாற்றில் இந்த அநீதி பழையது. வீட்டில் அதைவிடப் பழையது.

பதினொன்றே காலுக்கு மலை நகர்ந்தது. குமுதினி கோப்பை உருவினாள். மிஞ்சிய மூன்று பீரங்கிகளில் இரண்டு பள்ளத்தாக்கில் உருண்டன. ஒன்று தளபதியின் தேநீரில் மூழ்கியது.

"மலையை எங்கையப்பா கொண்டு போறீர்?"

"மலைக்குத்தான்."

மகளின் சைக்கிளில் கோப்பை வைத்து, ஏற்றத்தில் மிதிக்க முடியாத இடமெல்லாம் தள்ளிக்கொண்டே போனாள். ஜன்னல் வழியே பார்த்தால் தெரிந்திருக்கும். யார் பார்த்தார்கள்? தளபதி ஒரு சப்பாத்துப் பெட்டியில் புதிய மலை அமைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணிக்குத் திரும்பியவள் முத்திரை குத்திய ரசீதை மேசையில் வைத்தாள். நேரம் 11.52.

"ராகுகாலத்திலயோ குடுத்தனீர்?"

"ஓம். வாங்கினவளுக்கு ராகுவைத் தெரியாது."

தளபதி ரசீதைப் பார்த்தார். பிறகு தம்பித்துரையைப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னனான், அண்ணை. வழங்கல் பாதை சரியெண்டால் வெற்றி நிச்சயம்."

சிரிக்கிறீர்களா? நல்லது. நீங்கள் இதைப் படிக்கத் தொடங்கியபோது யாரோ உங்களை எதற்கோ கூப்பிட்டார்கள். 'இதை முடித்துவிட்டு வருகிறேன்' என்றீர்கள். முடிந்துவிட்டது. எழுந்துபோய் வாசலைப் பாருங்கள். சைக்கிள் இருக்கிறதா?