வைத்தியக்காரியை விரட்டிய மாப்பிள்ளை

திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. அதற்குக் கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் 'உய்' என்றும் மற்றதில் 'நோன்' என்றும் எழுதியிருந்தது.

உய் என்றால் ஆமாம், நோன் என்றால் இல்லை. புதுச்சேரியில் பிறந்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. லூர்துபிரகாஷுக்கும் தெரியும். அவனுக்குப் பதில்கள் இரண்டும் தெரிந்திருந்தன, கேள்விதான் தெரியவில்லை. அது நாலு வரிக்கு நீண்டு, முழுக்க முழுக்கப் பிரெஞ்சில் இருந்தது.

அவனுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் சவரிராயன், அவன் கட்டிக்கொள்ள விரும்பும் ஆஷ்லினின் அப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவர். அவருடைய மீசையும் முதுகும் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"படிச்சிட்டியா தம்பி?"

"படிச்சிட்டேன் அங்கிள். யோசிக்கிறேன்."

"யோசி. ஒண்ணும் அவசரமில்ல."

லூர்துபிரகாஷ் யோசித்தது விளையாட்டைப் பற்றி அல்ல. வாசல் வழியாக ஓடினால் தெருநாய் கடிக்குமா என்று.

இத்தனைக்கும் அவன் தயாராகாமல் வந்தவன் இல்லை. சேதராப்பட்டில் மோட்டார் செய்யும் கம்பெனியில் அவனுக்குத் தரம் பார்க்கும் வேலை. ஆஷ்லின் அதே கம்பெனியின் ஆபீசில் இருந்தாள். இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போய், வீட்டில் பேசலாம் என்று முடிவானபோது, கேன்டீனில் வைத்து அவள் ஒரு விஷயம் சொன்னாள்.

"எங்கப்பா ஒரு மாதிரி. பொண்ணு கேட்டு வர்றவங்கள எல்லாம் கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்கார வெச்சிடுவாரு. பழைய கேம் ஒண்ணு வெச்சிருக்காரு. அத ஆடிக் காட்டணும்."

"ஆடிக் காட்டினா?"

"வந்தவங்க எல்லாரும் நல்லாதான் ஆடினாங்க. ஆனா ஒருத்தரையும் அவருக்குப் புடிக்கல. ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டாரு." அவள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "அவரு வேணாம்னு சொல்லிட்டா நான் மீறி வர மாட்டேன் பிரகாஷ். அத இப்பவே சொல்லிடறேன்."

லூர்துபிரகாஷ் தன் வாழ்நாளில் எந்த விளையாட்டும் ஆடியவன் இல்லை. தெருவில் கிரிக்கெட் ஆடியபோதுகூட அவனை அம்பயராகத்தான் நிற்க வைத்தார்கள். அன்று சாயங்காலமே தட்டாஞ்சாவடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நண்பன் வினோத்குமாரிடம் ஓடினான். வினோத்குமாருக்கு இந்த மாதிரிப் பழைய விளையாட்டுகள் என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

"ஆறு பேரு கூட்டமா கெளம்புவாங்க மச்சான்" என்று அவன் பாடத்தை ஆரம்பித்தான். "கத்தி வெச்சிருக்கறவன முன்னாடி நிறுத்து. மந்திரம் போடறவன பின்னாடி நிறுத்து. காயத்த ஆத்தறதுக்குன்னு ஒரு வைத்தியக்காரி இருப்பா, வெள்ள அங்கி போட்டுகினு. யார வுட்டாலும் அவள வுட்றாத. அவ போயிட்டா நீ காலி."

"சரி."

"ஊருக்குள்ள போனா எல்லார்கிட்டயும் பேசு. பேசினாதான் எங்க போறது, என்னா செய்யறதுன்னு தெரியும். ஊருக்குள்ள மட்டும் கத்திய எடுக்காத. பெரிய சண்ட வந்தா ஓடிப்போ. ஆரம்பத்துல ஓடறது ஒண்ணும் கேவலம் இல்ல. எல்லாத்துக்கும் மேல, சேவ் பண்ணு. எதச் செய்யறதுக்கு முன்னாடியும் சேவ் பண்ணு."

"பழசுன்னா சுலபமாதான இருக்கும்?"

"பழசுதான்டா கஷ்டம். புதுசுல அதுவே கையப் புடிச்சி கூட்டிகினு போவும். பழசுல ஒவ்வொரு வரியையும் நீயே படிச்சிதான் புரிஞ்சிக்கணும்."

லூர்துபிரகாஷ் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். வந்த மாப்பிள்ளைகள் எல்லாம் நன்றாக ஆடியும் ஏன் தேறவில்லை என்பதற்கும் வினோத்குமாரிடம் விளக்கம் இருந்தது.

"அது குடும்பத்தோட பிரெஞ்சு பாஸ்போர்ட் வெச்சிருக்கற வீடு. அவங்க எதிர்பார்ப்பு வேற மாதிரி இருக்கும். வந்தவனுங்க இன்னும் நல்லா ஆடியிருக்கணும், அவ்ளோதான். நீ போனவொடனே, இத நான் காலேஜ்லயே முடிச்சிட்டேன்னு ஒரு போடு போடு. மனுசன் அசந்துடுவாரு."

போட்டான். "இதா அங்கிள்? இத காலேஜ்லயே முடிச்சிட்டேனே" என்று வந்து உட்கார்ந்த சூட்டோடு சொல்லிவிட்டான். "அப்ப நல்லதாப் போச்சி" என்று சவரிராயன் கம்ப்யூட்டரைப் போட்டார். விளையாட்டு பிரெஞ்சில் திறந்தது.

அவர் பட்டாளத்தில் இருந்த காலத்தில் அங்கேயே வாங்கிய சிடி அது. இதை ஆஷ்லின் அவனிடம் சொல்லவே இல்லை. வீட்டுக்குக் கூரை இருக்கிறது என்று யாராவது சொல்லுவார்களா? அவளுக்கு அது அப்படி. இப்போது அவளைக் கேட்கலாம் என்றால் அவளும் வீட்டில் இல்லை. பாட்டுப் பயிற்சிக்குக் கோயிலுக்கு அனுப்பியிருந்தார்கள்.

காலேஜிலேயே முடித்துவிட்டேன் என்று சொன்னவன், எனக்குப் படிக்கத் தெரியாது என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் இந்த வீட்டில் போய். லூர்துபிரகாஷ் வாயை மூடிக்கொண்டு மவுசைப் பிடித்தான்.

கேள்வியின் பக்கத்தில் வெள்ளை அங்கி போட்ட பெண்ணின் படம் இருந்தது. வைத்தியக்காரி என்று கண்டுகொண்டான். அவள் ஏதோ பணிவாகக் கேட்கிறாள். யாரை மறுத்தாலும் இவளை மறுக்கக் கூடாது. 'உய்' பொத்தானை அமுக்கினான்.

அவள் தலை குனிந்து வணங்கினாள். மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, திரையின் வலது ஓரமாக நடந்து போயே போய்விட்டாள். கூட்டத்தில் ஐந்து பேர்தான் மிச்சம்.

"வைத்தியக்காரிய அனுப்பிட்ட" என்றார் சவரிராயன்.

"வேணும்னுதான் அங்கிள். அவங்க இருந்தா ரொம்ப சுலபமாயிடும். காலேஜ்ல நாங்க இப்பிடித்தான் ஆடுவோம்."

"அப்பிடியா" என்று அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

போனது போகட்டும், ஊருக்குள் போய் எல்லோரிடமும் பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தான். கடைத்தெருவில் ஒரு ரொட்டிக்காரர் நீள ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக நின்றிருந்தார். லூர்துபிரகாஷ் அவர் மேல் அமுக்கினான். வரிசையாகச் சில வார்த்தைகள் வந்தன. தினமும் பேசுகிறோம், அடிக்கடி புழங்குகிற வார்த்தை சின்னதாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டு, இருப்பதிலேயே சின்னதைத் தேர்ந்தெடுத்தான்.

முன்னால் நின்ற கத்திக்காரன் கத்தியை உருவி ரொட்டிக்காரரை ஒரே வெட்டாக வெட்டினான். ரொட்டி உருண்டு சாக்கடையில் விழுந்தது. எங்கோ மணி அடித்தது. நாலா பக்கமும் காவலர்கள் ஓடி வந்தார்கள்.

"ரொட்டிக்காரன வெட்டிட்டியே தம்பி."

"அவன் பேச்சு சரியில்ல அங்கிள்."

"அவன் இன்னும் பேசவே இல்லியே."

ஓடிப்போவது கேவலம் இல்லை என்று வினோத்குமார் சொன்னது நினைவுக்கு வந்தது. ஓடினான். ஐந்து பேரையும் இழுத்துக்கொண்டு, கண்ணில் பட்ட முதல் கதவுக்குள் நுழைந்தான். அது மாதா கோயில். உள்ளே பூசை நடந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆஷ்லினின் அம்மா ரோசா காபியோடு வந்தாள். திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"ரத்தம் சொட்டற கத்தியோடவா தம்பி கோயிலுக்குள்ள போவாங்க?"

"அடைக்கலம் கேட்டு வந்திருக்கோம் ஆன்ட்டி."

பீடத்தில் இருந்த சாமியார் திரும்பி அவர்களைப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்டார். அதற்குக் கீழே மறுபடியும் உய், நோன். போன தடவை உய் சொல்லித்தான் கெட்டோம் என்று லூர்துபிரகாஷ் இந்தத் தடவை சற்றும் தயங்காமல் 'நோன்' பொத்தானை அமுக்கினான்.

ரோசா சிலுவை போட்டுக்கொண்டாள். "'செஞ்ச பாவத்துக்கு மனஸ்தாபப்படறியா'ன்னு பாதர் கேக்கறாரு. இல்லன்னுட்டியே தம்பி."

கோயிலின் மெழுகுவர்த்திகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. கூரையைப் பிளந்துகொண்டு ஓர் இடி இறங்கி மந்திரக்காரனைக் கரியாக்கியது. மற்ற நாலு பேரின் முகமும் பச்சையாகிவிட்டது. லூர்துபிரகாஷின் முகமும் கிட்டத்தட்ட அதே நிறத்துக்கு வந்திருந்தது.

"பாத்ரூம் எங்க இருக்குது அங்கிள்?"

உள்ளே போய்த் தாழ் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, வினோத்குமாருக்குப் போன் செய்தான்.

"வைத்தியக்காரி?" என்று கேட்டான் வினோத்குமார்.

"போயிட்டா."

"ஊருக்குள்ள கத்தி?"

"எடுத்துட்டேன்."

"நான் சொன்னதுல எதத்தான்டா செஞ்ச?"

"ஓடிப்போன்னு சொன்னியே. அத செஞ்சேன். கோயிலுக்குள்ள ஓடி, சாபம் வாங்கிகினு நிக்கிறேன். என்னா எழுதியிருக்குதுன்னே தெரியல மச்சான், எல்லாம் பிரெஞ்சுல இருக்குது."

"சரி, பதறாத. அவரு ஆடி சேவ் பண்ணி வெச்சது இருக்கும். அதத் தொறந்தா இதெல்லாம் நடக்காத மாதிரி ஆயிடும். எஸ்கேப் அமுக்கு, மெனு வரும். பிரெஞ்சுலயும் அதே ஏபிசிடிதான? சேவ்னா எஸ்ஸுலதான் ஆரம்பிக்கும். அந்தப் பக்கமா போய்ப் பாரு."

லூர்துபிரகாஷ் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தான். எஸ்கேப்பை அமுக்கினான். வினோத்குமார் சொன்னது போலவே மெனு வந்தது. எஸ்ஸில் ஆரம்பிக்கும் ஒரு நீளமான வார்த்தையும் இருந்தது. சின்ன வார்த்தையை நம்பி ரொட்டிக்காரரைப் பறிகொடுத்திருந்த அவனுக்கு அந்த நீளத்தைப் பார்த்ததும் தெம்பு வந்தது. அமுக்கினான். ஒரு சின்னப் படம் வந்தது. அதில் பொன்னிறக் கவசம் போட்ட ஆறு பேர் ஒரு பெரிய டிராகனுக்கு எதிரே நின்றிருந்தார்கள். சவரிராயன் ஆடி வைத்த ஆட்டம் இதுதான் என்று அதன் மேல் அமுக்கினான். மறுபடியும் ஒரு கேள்வி.

"நல்லா படிச்சிட்டு அமுக்கு" என்றார் சவரிராயன்.

"படிச்சிட்டேன் அங்கிள்" என்று அவன் 'உய்' பொத்தானை அமுக்கினான்.

பொன்னிறக் கவசக்காரர்கள் மறைந்தார்கள். டிராகனும் மறைந்தது. அந்த இடத்தில், இருண்ட கோயிலில் பச்சை முகத்தோடு நிற்கும் நாலு பேரும் ஒரு கரிக்கட்டையும் வந்து உட்கார்ந்தார்கள். அவன் பழைய ஆட்டத்தைத் திறக்கவில்லை. அதன் மேலேயே இந்த ஆட்டத்தைச் சேவ் செய்துவிட்டான். வினோத்குமார் சொன்ன அறிவுரைகளில் தலையாயதை அவன் கடைப்பிடித்தது அந்த ஒரு முறைதான்.

சவரிராயன் எழுந்து திரைக்கு அருகில் வந்து பார்த்தார்.

"அது நான் டிராகன் வரைக்கும் போயி வெச்சிருந்தது."

"தெரியுது அங்கிள்."

"இப்ப அங்க ரொட்டிக்காரன வெட்டினவனுங்க நிக்கிறானுங்க."

லூர்துபிரகாஷ் பதறியது விளையாட்டு போனதற்காக அல்ல. அப்பா வேணாம்னா வேணாந்தான் என்று ஆஷ்லின் சொன்னபோது அவள் கண் கலங்கியிருந்ததும், பரவாயில்லை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இவன் பெரிய மனிதன் போலச் சொன்னதும் நினைவுக்கு வந்தன. இனி அவளைத் தினமும் கேன்டீனில் பார்த்துவிட்டு, வேறு மேசையில் போய் உட்கார வேண்டும். அதை நினைக்கவே அவனால் முடியவில்லை. மவுசை விட்டுவிட்டு எழுந்து நின்றான்.

"அங்கிள், நான் பொய் சொல்லிட்டேன். இந்த கேம் நான் ஆடினதே இல்ல. எனக்கு பிரெஞ்சும் தெரியாது."

"ஒரு வரிகூடவா?"

"உய், நோன் தெரியும். அதுவும் எப்ப எத சொல்றதுன்னு தெரியலன்னு நீங்களே பாத்துட்டீங்க."

சவரிராயன் சிரிக்கவில்லை. "கத்துக்கற எண்ணமாவது இருக்கா?"

இருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் அவன் நாக்கு துறுதுறுத்தது. ஆனால் பொய் சொல்லிப் பட்டதே போதும் என்று இருந்தது.

"இல்ல அங்கிள். ஆஷ்லின் என்னத் தமிழ்லதான் திட்டுது. அதப் புரிஞ்சிக்கறதுக்கே எனக்கு நேரம் சரியா இருக்குது."

சவரிராயன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரை அணைத்தார்.

"சரி, நீ கெளம்பு" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான். லூர்துபிரகாஷ் வாசலுக்கு வந்து ஷூவைப் போட்டான். இடது காலுக்கு உரியதை வலது காலில் நுழைத்து, அது போகவில்லை என்றதும் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான். ரோசா வெளியே வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"ஆன்ட்டி, நான் முடிஞ்ச வரைக்கும் பாத்தேன்னு ஆஷ்லின்கிட்ட சொல்லிடுங்க."

"நான் எதுக்குச் சொல்றது? ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் உங்க அப்பா அம்மாவ கூட்டிகினு வா, அப்ப நீயே சொல்லிக்க."

லூர்துபிரகாஷ் கையில் ஷூவோடு அவளை அண்ணாந்து பார்த்தான்.

"என்னா அப்பிடிப் பாக்கற?" என்றாள் ரோசா. "முன்னாடி வந்தவனுங்க எல்லாம் அவ பாஸ்போர்ட்ட புடிச்சிகினு பாரிசு போவறதுக்குன்னே பிரெஞ்சு கத்துகினு வந்து கடகடன்னு படிச்சானுங்க, ஒரு வரி படிக்கத் தெரியாம எம்பொண்ணுக்காக மட்டும் வந்த மொத மாப்ள நீதான்னு அந்த மனுசன் உள்ள விசில் அடிச்சிகினு இருக்காரு."