சோறில்லாக் கட்டுச்சோறு

பன்னிரண்டு முட்டையை அவித்து, ஓடு உடையாமல் தூக்குவாளியில் அடுக்கி முடித்த பிறகுதான் முருகலட்சுமிக்கு உறைத்தது. இன்றைக்கு வியாழன். நாளைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை கணவர் ஜெயபாண்டி முட்டையைத் தொடமாட்டார்.

"நாம ஆஸ்பத்திரிக்குத்தானே போறோம்? கோயிலுக்கா போறோம்?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"வயித்தைக் கீறப் போறான். அந்த நேரத்துல முருகனைப் பகைச்சுக்கச் சொல்றியா?" என்றார் அவர்.

இன்றைக்கு ராத்திரிக்கென்று நாலு முட்டையை மட்டும் தூக்குவாளியில் விட்டுவிட்டு மிச்சத்தை வெளியே எடுத்தாள். முட்டை போனால் உப்புக்கண்டமும் போனது. வெயிலில் காயவைத்து எண்ணெயில் பொரித்து, எட்டு நாள் ஆனாலும் கெடாத அருமையான ஆட்டுக்கறி. அதையும் டப்பாவில் அடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, மறுபடி அடுப்பைப் பற்றவைத்து இன்னும் ஒரு படி நிலக்கடலையை வறுத்தாள்.

ஜெயபாண்டிக்குக் குடலிறக்கம். எம்.ரெட்டியபட்டியில் பருத்தி விதைப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. மூட்டை தூக்காதே என்றால் அவர் கேட்கிற ஆளில்லை. குடல் முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து முருகலட்சுமிக்குச் சரியான தூக்கமில்லை. சென்னையில் மருமகன் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் செலவு பாதிதான். ஆனால் வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்றைம்பதுக்குள் இருந்தால்தான் கத்தியை எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் திரும்பி வந்தாயிற்று. வீட்டில் இருக்கும்வரை அவர் ஒழுங்காகத்தான் இருந்தார். ஒவ்வொரு தடவையும் காரியத்தைக் கெடுத்தது வழியில் தின்ற தீனி. முதல் தடவை இருநூற்றுத் தொண்ணூறு, அடுத்த தடவை முந்நூற்றுப் பன்னிரண்டு.

மூன்றாவது தடவையும் தவறினால் அடுத்து தேதி கிடைப்பது தை மாதம்தான். அதனால் வழியில் கடைப் பக்கமே திரும்பக் கூடாது, மூன்று நாளைக்கும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். சோறு, இட்லி, தோசை, வாழைப்பழம் எல்லாவற்றுக்கும் குறுக்குக்கோடு. தின்னலாம் என்ற வரிசையில் பாதாம், வால்நட், சீஸ், அவகாடோ. முருகலட்சுமி அருப்புக்கோட்டை பஜாரில் அவகாடோவின் விலையைக் கேட்டாள். அந்த விலைக்கு ஒரு கோழிக்குஞ்சே வாங்கலாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தாள். சொந்தக் காட்டில் கடலை, தென்னையில் தேங்காய், தோட்டத்தில் வெள்ளரிப்பிஞ்சு. இதற்கு மேல் எதற்குப் பாதாம்?

பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால் எதிர்வீட்டுச் செல்லக்கிளி நின்றுகொண்டிருந்தாள், கையில் அரைக் கிலோ சீரணி மிட்டாய். கருப்பட்டிப் பாகு வழிந்து பொட்டலம் முழுக்க ஈரம். பின்னாலேயே பெரியவர் நல்லகண்ணு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். ஆப்பரேசனுக்குப் போகிறவரை வெறுங்கையோடு பார்க்க வரும் வழக்கம் அந்தத் தெருவில் கிடையாது.

சர்க்கரை இருப்பதைச் சொன்னால், ஒரு துண்டில் என்ன வந்துவிடும் என்றார்கள். திருப்பிக் கொடுத்தால் அடுத்த விசேஷத்துக்கு முகம் கொடுக்க மாட்டார்கள். பூட்டுகிற வீட்டில் வைத்தால் எறும்பு. வேறு வழியில்லாமல் எல்லாம் பையில் ஏறியது.

பஸ் அருப்புக்கோட்டை போய்ச் சேருவதற்குள் ஜெயபாண்டியின் கை மூன்று தடவை அந்தப் பைக்குள் போனது. கண்ணாடி தேடுகிறேன் என்றார். கண்ணாடி அவர் மூக்கில் இருந்தது. முருகலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜன்னல் வழியாக வீசிவிட மனசு வரவில்லை, பையில் வைத்தால் அவர் விடமாட்டார். மிச்சமிருந்த பத்திரமான இடம் அவள் வயிறு ஒன்றுதான். சீரணியையும் வாழைப்பழத்தையும் ஒவ்வொன்றாக அங்கே போட்டுப் பூட்டினாள்.

காரியாபட்டி வருவதற்குள் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் காலி. இனிப்பு தின்றால் தாகம் எடுக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. பாத்ரூம் போனால் அவரைத் தனியாக விட வேண்டியிருந்தது. மதுரை பஸ் ஸ்டாண்டில் அவள் போய்விட்டு வந்தபோது அவர் கையில் சர்க்கரைப் பாகு சொட்டும் ஒரு பால்பன் இருந்தது.

"இது யாரு குடுத்தது?"

"உனக்குத்தான் வாங்குனேன்" என்றார் ஜெயபாண்டி. வேறென்ன சொல்வார்? அவளும் விடாமல், அவர் கண்ணெதிரிலேயே அதைத் தின்று முடித்தாள்.

அன்றைக்கு ராத்திரி தங்கல் மதுரையிலேயே, அவருடைய தங்கை சண்முகவடிவு வீட்டில். அங்கே இலை போட்டு இட்லியும் கேசரியும் தயாராக இருந்தன. தூக்குவாளியை முருகலட்சுமி திறந்ததும் வடிவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணன் ஆப்பரேசனுக்குப் போறாரு. என் கையால ரெண்டு இட்லி திங்காமப் போகணுமா மதினி?"

நாத்தனாரைப் பகைத்துக்கொண்டு யாரால் வாழ முடியும்? இலையில் வைக்கட்டும் என்று ஒத்துக்கொண்டாள். வடிவு அடுப்படிக்குப் போகும்போதெல்லாம் அவர் இலையில் இருந்ததைத் தன் இலைக்கு மாற்றினாள். இலை காலியானதைப் பார்த்துப் பூரித்துப்போய் வடிவு மறுபடி வைத்தாள். இப்படியே நாலு சுற்று. ஜெயபாண்டி முட்டையை மென்றுகொண்டு, தன் கேசரி இடம் மாறுவதைப் பார்த்தபடி இருந்தார்.

மறுநாள் பகல் ரயிலில் அவருக்குக் கடலையும் வெள்ளரியும் தேங்காய்ச்சில்லும் மட்டும். திண்டுக்கல் தாண்டியதும் அவர் பொறுமை போய்விட்டது.

"நான் மனுசனா, கிளியா?"

"நாளைக்குக் காலையில ஆப்பரேசன் முடியட்டும். அப்புறம் மனுசனா இருந்துக்கங்க."

கோபத்தில் அவர் எதிர் சீட்டு அம்மாளிடம் ஒரு கை கடலையை நீட்டினார். ரயிலில் ஒருவர் ஒன்று கொடுத்தால் சும்மா வாங்கிக்கொள்ள முடியுமா? அந்த அம்மாள் புளியோதரையும் மைசூர்பாகும் எடுத்து நீட்டினாள். முருகலட்சுமி நடுவில் கையை விட்டு, அவர் சார்பில் நன்றி சொல்லி வாங்கி, தானே தின்றாள். அவர் இன்னும் ஒரு கை கடலை கொடுத்தார். இன்னும் ஒரு மைசூர்பாகு வந்தது.

அரைமணிக்கு ஒருதரம் அவள் எழுந்து போக வேண்டியிருந்தது. போகும்போதெல்லாம் அந்த அம்மாளிடமே காவலை ஒப்படைத்தாள். "இவுகளைக் கொஞ்சம் பாத்துக்கங்க. என்ன கேட்டாலும் குடுத்துராதீக." ஜெயபாண்டி போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்த ஆள் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். செங்கல்பட்டு வந்தபோது இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

மகள் ப்ரியா வீட்டுக்குப் போனதும் முருகலட்சுமி சேலைகூட மாற்றாமல் படுத்துவிட்டாள். உள்ளங்கால் எரிகிறது, எழுந்து உட்காரவே தெம்பில்லை என்றாள். அப்பாவைக் காவல் காத்த அலுப்பு என்று ப்ரியா காலைப் பிடித்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண், நர்ஸ், ஜெயபாண்டியின் விரலில் குத்தி ரத்தம் எடுத்தாள். முருகலட்சுமி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"நூத்து இருபத்து நாலு" என்றாள் அந்தப் பெண்.

ஜெயபாண்டி மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். முருகலட்சுமிக்கு நம்பிக்கை வரவில்லை. இதே ஆஸ்பத்திரி, இதே மனுசன், போன தடவை முந்நூற்றுப் பன்னிரண்டு. தப்பான கணக்கை நம்பி வயிற்றைக் கீறிவிட்டால் என்ன ஆவது?

"மெஷினு பழசா தாயி?" என்று கேட்டாள். இல்லை என்றாள் நர்ஸ். முருகலட்சுமி விடவில்லை. "எனக்கு ஒன்னு குத்திப் பாரு. எனக்கு ஒரு சீக்கும் கிடையாது. எனக்குச் சரியாக் காட்டுச்சுன்னா மெஷினு நல்ல மெஷினு."

வாக்குவாதத்துக்குக் குத்துவதே மேல் என்று அந்தப் பெண் குத்தினாள். பார்த்தாள். இன்னொரு விரலில் குத்தி மறுபடி பார்த்தாள். பிறகு திருப்பிக் காட்டினாள். முந்நூற்று நாற்பத்தெட்டு.

முருகலட்சுமிக்குப் பெருமையாக இருந்தது. "பாத்தீகளா, நான் சொன்னேன்ல, மெஷினு கெட்டுப்போச்சு" என்று கணவரைப் பார்த்துச் சொன்னாள்.

நர்ஸ் உள்ளே போய் வேறொரு மெஷினை எடுத்து வந்து மூன்றாவது விரலில் குத்தினாள். முந்நூற்று ஐம்பத்தொன்று. ஒரு சீட்டை எடுத்து முருகலட்சுமியின் பேரையும் வயதையும் கேட்டு எழுதிக்கொண்டாள். அவள் காலடியில் பாதி காலியாகிக் கிடந்த கடலைப் பையைப் பார்த்தாள்.

"ரெண்டு மெஷினும் நல்லாத்தாம்மா இருக்கு. அய்யாவுக்கு இன்னைக்கே ஆப்பரேசன். அந்தப் பையில மிச்சம் இருக்கற கடலைய மட்டும் யாருக்கும் குடுத்துடாதீங்க, இனிமே அது உங்களுக்கு."