நிறம் பார்க்காத நீதிமன்றமும் என் ஊதாத் தொப்பியும்

நிறம் பார்க்காத இடம் இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான் உண்டு, கண்ணுகளா. அது எங்கள் அலபாமா மாநிலத்து டெல்வுட் வட்டார நீதிமன்றம். சொர்க்கத்தில்கூட வந்தவன் முகத்தைப் பார்த்துத்தான் கதவு திறப்பார்களாம். எங்கள் நீதிமன்றத்துக்கு அந்தக் கெட்ட பழக்கம் கிடையாது.

முன்பெல்லாம் தீர்ப்புச் சொல்லும் ஜூரியில் உட்காரக் கறுப்பர் யார் வந்தாலும் அரசு வக்கீல் "வேண்டாம்" என்பார், முடிந்தது. பிறகு, நிறத்துக்காக யாரையும் அனுப்பக் கூடாது, வேறு காரணம் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அன்றிலிருந்து எங்கள் அரசு வக்கீல் ஹாலிஸ் புரூயிட் அவர்களின் 'கற்பனை வளம்' பொங்கிப் பெருகிவிட்டது.

லெவான் மேப்ரி என்ற கறுப்பின இளைஞன், வெள்ளைக்காரக் கடைக்காரர் ஒருவரைச் சுட்டுக் கொன்றதாக வழக்கு. அவனுக்கு உயிரா, மின்சார நாற்காலியா என்று ஜூரி சொல்ல வேண்டும். எனக்கும் அழைப்பு வந்தது. அவனையோ அவன் அம்மாவையோ நான் அதுவரை கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் ஊதாத் தொப்பியை, இறகோடு, எடுத்து மாட்டிக்கொண்டேன். பெரிய இடத்துக்கு வெறுந்தலையோடு போகிற வழக்கம் எங்கள் கறுப்பினப் பெண்களுக்கு இல்லை.

முதலில் எங்கள் சர்ச் மூப்பர், டீக்கன் ரூஃபஸைக் கூப்பிட்டார்கள். அவர் மரியாதைக்குச் சிரித்தார்.

"சிரிக்கறாரு. விஷயத்தோட கனம் புரியல" என்றார் புரூயிட்.

அடுத்து பள்ளிக்கூடத்து வெர்லீன் டீச்சர். அவர் உஷாராகி, உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"சிரிக்கவே மாட்டேங்கறாங்க. அரசாங்கத்து மேல கோபம்."

நீதிபதி தலையசைத்தார். "நிறத்துக்குச் சம்பந்தமில்லாத காரணம். ஏத்துக்கறேன்."

பிறகு நான்.

"கனம் நீதிபதி அவர்களே, அந்தத் தொப்பியப் பாருங்க. இவ்வளவு பெருசு போடறவங்க அடுத்தவங்க பேச்சைக் கேக்கவே மாட்டாங்க."

நான் கழற்றி மடியில் வைத்தேன்.

"பாத்தீங்களா? ஒரு வார்த்தை சொன்னதும் கழட்டிட்டாங்க. நிலையில்லாத மனசு."

"அப்ப மறுபடி போட்டுக்கட்டுங்களா, ஐயா?"

"எதிர்த்துப் பேசறாங்க! அதையும் எழுதிக்கச் சொல்லுங்க."

லெவானின் வக்கீல் ஜோனா, சின்னப் பெண், துள்ளி எழுந்தாள். "ஐயா, நீங்க ஜூரியில எடுத்திருக்கற மிசஸ் டால்ரிம்பிள் தலையில ஒரு தோட்டமே இருக்கே!"

நீதிபதி கண்ணாடியை இறக்கி அந்த வெள்ளைக்காரம்மாவின் தொப்பி ரோஜாக்களைப் பார்த்தார். "அது வேற. அது... ரசனை."

வெளியே பெஞ்சில் டீக்கன் உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஒடெஸா சிஸ்டர், உங்களையுமா?"

"தொப்பி."

"எனக்குப் பல்லு. நீங்க அடுத்த தடவை தொப்பிய வீட்டுல வெச்சிட்டு வரலாம். நான் என்ன பண்ண?"

"ஏன் டீக்கன், பேங்க்காரர் மகன் நம்ம டாக்ஸிக்கார ஐசக்கைச் சுட்டானே. அவனுக்கு நாற்காலி கேட்டாரா புரூயிட்?"

"சேச்சே! அந்தப் பையனுக்கு எதிர்காலம் இருந்துச்சு, சிஸ்டர்."

"ஐசக்குக்கு?"

"அவருக்கு வெறும் பிள்ளைங்கதான இருந்துச்சு."

கடைசியில் உட்கார்ந்த பன்னிரண்டு பேரும் வெள்ளையர். தற்செயல். சாட்சி ஒரே ஒருவர். பொழுது மசங்கிய நேரத்தில் தெருவுக்கு எதிர்ப்பக்கமிருந்து பார்த்தாராம்: "முகம் தெரியல. கறுப்பா இருந்தான்." நிறம் பார்க்காத அந்த மண்டபத்தில் நிறத்தை மட்டுமே பார்த்த அந்த ஒருவர் பேச்சை எல்லோரும் நம்பினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வந்த பொரித்த கெளுத்தி மீன் ஆறுவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. நாற்காலி.

ஜோனா மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடாகப் போனாள். ஒவ்வொரு நீதிமன்றமும் காரணங்களைப் பொறுமையாகப் படித்தது. சிரிப்பு இருந்தது, முறைப்பு இருந்தது, தொப்பி இருந்தது. நிறம் மட்டும் எங்குமே இல்லையாம்.

லெவானை அடக்கம் செய்த அன்று அதே ஊதாத் தொப்பியோடு போனேன். அவன் அம்மா என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தொப்பி நீங்கதானா?"

"நான்தான்மா."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

ஆகையால், கண்ணுகளா, லெவானை நிறத்துக்காகக் கொன்றார்கள் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். எங்கள் அரசாங்கம் அவனை என் தொப்பிக்காகத்தான் கொன்றது. நீதிபதிகளே கையெழுத்துப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.