கீழ்வீட்டில் அதிர்கிறது

"அஞ்சு இஞ்சா, எட்டு இஞ்சா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க பாய்" என்று ஆல்வின் நான்காவது தடவையாகக் கேட்டான்.

அப்துல் ஹமீது இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிக்குப் பின்னால் இருந்த ஆல்வினின் ஸ்பீக்கர் கடைக்கு அவர் வந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. ராஜபாளையத்து நூற்பாலையில் முப்பத்தொரு வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். எதிரே நிற்கிறவன் என்ன கத்துகிறான் என்பதை அவன் வாயைப் பார்த்தே தெரிந்துகொண்டு வேலை பார்த்த மனிதரிடம், எந்த ஸ்பீக்கர் துல்லியம் என்று கேட்டால் அவர் என்னத்தைச் சொல்வார்?

"ரெண்டும் நல்லாத்தான தம்பி பாடுது."

"பாடக்கூடாது பாய். இது ஸ்டூடியோ மானிட்டரு. வீட்டுல பாட்டு கேக்குற ஸ்பீக்கரு பொய் சொல்லும், எல்லாத்தையும் இனிப்பாக் காட்டும். இது அப்படியில்ல. உள்ளத உள்ளபடி போட்டு உடைச்சிரும்."

"என் மகனுக்கு அப்படித்தான் வேணுமாம்."

மகன் ஆபித் சென்னையில் விளம்பரப் படங்களுக்கு ஒலி சேர்க்கிற வேலையில் இருந்தான். தாய் நூர்னிசா மவுத்தாகி மூன்று வருஷம் ஆகிவிட்டது. "ஊருக்கு வந்து கொஞ்ச நாள் இருடா" என்று ஹமீது கேட்கும்போதெல்லாம் வேலை என்பான். போன மாதம்தான் வாய் தவறி, "வீட்டுலயே நல்ல மானிட்டரும் ஒரு சப்வூஃபரும் இருந்தா நான் அங்கிருந்தே வேல பாப்பேன் அத்தா. ஆனா அக்கம்பக்கத்துல யாரும் சத்தம் சத்தம்னு வந்து நிக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டான். ஹமீது அதைப் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டில் மனிதக் குரல் கேட்டு நாளாகியிருந்தது. கூடத்தில் டிவியை ஓட விட்டுவிட்டுச் சமையலறையில் நின்றுகொள்வார். யாரோ விருந்தாளிகள் வந்து பேசிக்கொண்டிருப்பதுபோல இருக்கும்.

"ரூம் எம்புட்டு பாய்?"

"பத்துக்குப் பன்னெண்டு."

"அப்ப அஞ்சு இஞ்சு போதும். அடிச் சத்தத்துக்குத் தனியா ஒரு சப்வூஃபர் போட்டுருவோம்."

"அது வேல செய்யுதுன்னு எப்படித் தெரியும்?"

ஆல்வின் சிரித்தான். "தெரியக்கூடாது பாய். சப்பு தனியாக் கேட்டுச்சுன்னா செட்டிங் தப்புன்னு அர்த்தம். அது இருக்கதே தெரியாம இருக்கணும். அதுதான் நல்ல செட்டிங்கு."

இப்படி ஒரு சாமானை ஹமீது வாழ்க்கையில் வாங்கியதில்லை. இருந்தாலும் மகன் வருவான் என்றால் இருப்பதே தெரியாத பொருளைக்கூட வாங்கலாம் என்று தலையாட்டினார்.

மறுநாள் ஆல்வின் பெட்டிகளைக் கீழ்வீட்டு வாசல் வழியாக மாடிக்குத் தூக்கி வந்து எல்லாவற்றையும் மாட்டினான். சப்வூஃபரின் முகப்பில் பச்சை விளக்கு எரிந்தது. "லைட் எரியுதுல்ல, ஓகே பாய். கிருஷ்ணன்கோவில் காலேஜ்ல விழா. மைக் செட்டு போடணும், வாரேன்" என்று ஓடிவிட்டான்.

ஆபித் போனில் ஒரு பரிசோதனைச் சத்தத்தை அனுப்பியிருந்தான். முப்பது ஹெர்ட்ஸாம், சப்வூஃபரில் மட்டுமே வருகிற அடிச் சத்தமாம். ஹமீது அதைப் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். மண்டியிட்டு உட்கார்ந்து காதை வைத்தார். கடைசியில் கன்னத்தையும் வைத்துப் பார்த்தார். மில்லு நம் காதை மொத்தமாகத் தின்றுவிட்டது என்று முடிவு கட்டியபோது அவருக்குத் துக்கமாக இருந்தது. மகன் வந்து செய்கிற வேலையைத் தகப்பன் கேட்கக்கூட முடியாது போலிருக்கிறது.

அப்போது காலிங்பெல் அடித்தது.

கீழ்வீட்டுச் சங்கரலிங்கம் நின்றிருந்தார். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி திருப்பூரில் மகள் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பேரன் நடக்கவும் ஆரம்பித்துவிட்டான், அந்த அம்மாள் திரும்பியபாடில்லை. இந்த இரண்டு வருஷத்தில் மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் நடந்த மொத்தப் பேச்சு, "மோட்டார் போட்டாச்சா?", "போட்டாச்சு" என்பதுதான்.

சங்கரலிங்கம் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துப் பிரித்தார்.

"பத்து நாப்பத்திரெண்டுக்கு ஆரம்பிச்சது பாய். பதினொண்ணு அஞ்சு வரைக்கும் விடாம அடிக்குது. நெஞ்சுக்குள்ள தொம் தொம்முங்குது. அலமாரில தூக்குச்சட்டி ஆடுது. என்னதான் செய்யுதீக மேல?"

ஹமீது அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "கேட்டுச்சா அண்ணாச்சி? நெசமாவே கேட்டுச்சா?"

"கேட்டுச்சாவா? காது அடைச்சுப் போச்சு!"

"அல்ஹம்துலில்லாஹ்! உள்ள வாங்க, உக்காருங்க. டீ போடுதேன்."

திட்ட வந்த மனிதர் இப்படி ஒரு வரவேற்பை எதிர்பார்க்கவில்லை. குழம்பிப்போய் உட்கார்ந்தார். டீ நன்றாக இருந்தது. இரண்டாவது டம்ளரும் குடித்தார். அவர் கீழே இறங்கிப் போன பிறகுதான் ஹமீதுக்கு உறைத்தது. யாரும் வந்து நிற்கக்கூடாது என்று ஆபித் சொல்லியிருந்தானே. முதல் நாளே ஒருவர் நோட்டோடு வந்து நின்றுவிட்டார்.

உடனே ஆல்வினுக்குப் போன் போட்டார்.

"மூலையில வச்சா அடிச் சத்தம் கூடத்தான் செய்யும் பாய். கொஞ்சம் நடுவுல தள்ளி வைங்க" என்றான் அவன்.

நடுவில் தள்ளி வைத்தார். மறுநாள் சாயங்காலம் நாலு பதினெட்டுக்குச் சங்கரலிங்கம் வந்தார்.

"பாய், நேத்தே தேவலாம். முன்ன சமையக்கட்டு மட்டுந்தான் அதிர்ந்துச்சு. இப்ப வீடு பூரா அதிருது."

"உக்காருங்க அண்ணாச்சி, டீ குடிச்சுட்டே பேசுவோம்."

அடுத்து, ஹமீது தன் கட்டிலில் இருந்த இலவம்பஞ்சு மெத்தையை இழுத்து வந்து மடித்துப் பெட்டிக்கு அடியில் போட்டார். பெட்டி மெத்தையில் சொகுசாகப் படுத்தது, அவர் பாயில் படுத்தார். விடிந்தபோது இடுப்பு நிமிரவில்லை. சங்கரலிங்கம் வந்து, "மெத்த போட்டீகளோ? அதான் சத்தம் அமுங்கி இப்ப உள்ளங்கால் வழியா ஏறுது" என்றார். ஹமீது சத்தத்தைப் பாதியாகக் குறைத்தார். "கொறச்சா இன்னும் கூர்மையால்ல இருக்கு!" என்று அடுத்த நாள் அதற்கும் ஒரு புகார் வந்தது. ஒரு மனிதருக்கு இவ்வளவு நுணுக்கமான காது இருக்க முடியுமா என்று ஹமீது அசந்துபோனார்.

இப்படியே இரண்டு வாரம் போயிற்று. புகார் சொல்ல மூன்று நிமிஷம், டீக்கு ஒன்றரை மணி நேரம். தென்காசி வண்டி தாமதமான கதை, மில்லில் பெல்ட் அறுந்து ஓடிய கதை, நூர்னிசா வைக்கும் தால்ச்சா, பேரன் வீடியோ காலில் தாத்தாவைப் பார்த்து அழுதது என்று பேச்சு எங்கெங்கோ போகும். சங்கரலிங்கம் சும்மா வருவதில்லை. ஒருநாள் பருத்திப்பால், ஒருநாள் காராச்சேவு. நாலு மணி நெருங்கினால் ஹமீது தன்னையறியாமல் இரண்டு டம்ளர்களை எடுத்து வைத்தார். ஆனாலும் ராத்திரி பாயில் படுக்கும்போது, இந்த மனிதர் வாயை அடைக்காமல் மகன் வரமாட்டானே என்ற கவலைதான் அவருக்கு இருந்தது.

கடைசி வழியாக ஆல்வின் ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தான். "பெட்டிய நாற்காலி மேல வச்சுட்டு நீங்க தரையில தவழ்ந்து போங்க பாய். எந்த எடத்துல சத்தம் சீராக் கேக்குதோ அங்க பெட்டிய வச்சிரணும். உலகம் பூரா இப்படித்தான் பாக்காக."

ஹமீது தவழ்ந்தார். அவருக்கு எங்கேயும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கீழ்வீட்டில் இருந்த காது பொன்னான காது ஆயிற்றே. சங்கரலிங்கத்துக்குப் போன் போட்டார். அவரும் மறுக்கவில்லை. தன் வீட்டுத் தரையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தவழ ஆரம்பித்தார்.

"பாய், நான் இப்ப பீரோப் பக்கம் இருக்கேன். இங்க லேசா அடிக்குது."

"கட்டில் பக்கம் போங்க அண்ணாச்சி."

"வந்துட்டேன். யாத்தே! இங்க பயங்கரம். நீங்க எங்க இருக்கீக?"

"நானும் கட்டிலுக்கு நேரதான் கிடக்கேன்."

அந்த நேரம் பார்த்துப் பால் ஊற்ற வந்த யுவராணி கீழ்வீட்டுக் கதவு வழியாக ஒருமுறை பார்த்தாள். மாடி ஏறி மேல்வீட்டுக் கதவு வழியாகவும் பார்த்தாள். பால் சட்டியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்த் தெருமுனையில் நின்றவர்களிடம், "மேல ஒரு பெரியவரு தவழுதாரு. அதே எடத்துல கீழ ஒருத்தரு தவழுதாரு. ரெண்டு பேரும் போன்ல வேற பேசிக்கிடுதாக. அந்த வீட்டுத் தண்ணியில என்னமோ இருக்கு" என்றாள். அன்று மாலையே தெருவில் மூன்று பேர் ஹமீதிடம் உடம்பு சுகமா என்று விசாரித்தார்கள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஆபித் போன் செய்தான்.

"அத்தா, நல்ல சேதி. மும்பைல பெரிய ஸ்டூடியோல வேல கெடச்சிருச்சு. அங்கயே இருந்து பாக்கணும். ரெண்டு வருஷம்."

"சந்தோஷம்டா."

"ஸ்பீக்கர் எல்லாம் வாங்கிட்டீங்களே..."

"அது கெடக்கு, நீ நல்லபடியாப் போயிட்டு வா. அடிக்கடி போன் பண்ணு."

போனை வைத்துவிட்டு ஹமீது அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் உட்கார்ந்தார். மகனுக்கென்று வாங்கிப் போட்ட நாற்காலியில்தான் உட்கார்ந்தார். அழுகை வந்தது. அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஆல்வினைக் கூப்பிட்டு, மானிட்டர் இரண்டும் இருக்கட்டும், ஊரைத் தொந்தரவு செய்கிற சப்வூஃபரை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

நாலு மணிக்குச் சங்கரலிங்கம் வந்ததும் ஹமீதே முந்திக்கொண்டார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு இனிமே தொல்ல இல்ல. மகன் மும்பைக்குப் போறான். நாளைக்குக் காலையில பெட்டிய எடுத்துட்டுப் போயிருவாக. நிம்மதியாத் தூங்கலாம்."

சங்கரலிங்கம் கையிலிருந்த காராச்சேவுப் பொட்டலத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். சந்தோஷப்படுவார் என்று ஹமீது எதிர்பார்த்திருந்தார். அவர் முகம் செத்துப் போயிருந்தது.

"எதுக்கு பாய் இம்புட்டு அவசரம்?"

"நீங்கதான அண்ணாச்சி நெஞ்சுல அடிக்குதுன்னீக?"

"அடிக்கத்தான் செய்யுது, யாரு இல்லேன்னா? அதுக்காகத் திருப்பிக் கொடுத்துருவாகளா? ஆசையா வாங்கின பொருளு. எனக்கும் பழகிப்போச்சு."

"தூக்குச்சட்டி ஆடுதுன்னு சொன்னீகளே?"

"ஆடட்டும்! அது என் தூக்குச்சட்டிதான? ஆடிட்டுப் போகுது."

அன்று அவர் இரண்டாவது டீ குடிக்கவில்லை. படியில் இறங்கும்போது நின்று, "எடுத்துட்டா நாலு மணிக்கு என்ன செய்வீக?" என்று கேட்டார். ஹமீது சும்மா சிரித்து வைத்தார்.

மறுநாள் காலை ஆல்வின் திருப்புளியோடு வந்தபோது அவனுக்கு முன்னாலேயே சங்கரலிங்கம் மேல்வீட்டில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் நோட்டு இருந்தது.

"தம்பி, இந்த மாதிரி ஒரு பெட்டி ஒனக்கு எங்கேயும் கெடைக்காது" என்று அவனிடமே வியாபாரம் பேசினார். "என்னா ஓட்டம், என்னா சத்தம்! நேத்து சாயங்காலம்கூட ஆறு இருவதுக்கு என் வீட்டு ஜன்னல் கம்பி ரீங்காரம் போடுது. தேதி வாரியா எழுதி வச்சிருக்கேன், பாக்கியா? இதப் போயி எடுத்துட்டுப் போறேங்கியே."

"பாயே வேண்டாங்காரு, நான் என்ன செய்ய சார்? ஒருக்க செக் பண்ணிட்டுத்தான் எடுக்கணும்."

ஆல்வின் பெட்டியைக் கவிழ்த்து நான்கு திருகுகளையும் கழற்றினான். பின்பக்க மூடியை எடுத்து வைத்தான். போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தான். தலையை வெளியே எடுத்தான். மறுபடி உள்ளே விட்டான். ஹமீது டீ டம்ளர்களோடு சமையலறையிலிருந்து வந்து நின்றார். சங்கரலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, வெளியே எதையோ ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, ரிப்பேரா?" என்றார் ஹமீது.

"ரிப்பேர் எல்லாம் இல்ல பாய். உள்ள ஸ்பீக்கருக்குப் போற ஒயரையே கம்பெனிக்காரன் மாட்டாம அனுப்பியிருக்கான். வாங்குன நாள்லருந்து இந்தப் பெட்டி ஒரு தடவகூட சத்தம் போட்டிருக்காதே!"