பத்திரமான பத்திரம்

பதினேழாம் தேதியே டோகாஷியின் கைச்செலவுப் பணம் தீர்ந்துவிட்டது. பர்ஸைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். கோழிக்கறிக் கடையின் தள்ளுபடிச் சீட்டு ஒன்று விழுந்தது. அதுவும் போன வருஷத்தது.

அவர் சம்பளம் முழுவதும் மனைவி சாயோகோவின் கைக்குப் போய்விடும். அதிலிருந்து அவள் பார்த்து மாதம் முப்பதாயிரம் யென் கொடுப்பாள். ஜப்பானின் கிஃபு நகரத்தில் கல்யாணமான ஆண்கள் பலருக்கு இதுதான் தலையெழுத்து. நாலு பேர் சேர்ந்தால் அவரவர் பெண்டாட்டியை 'நிதியமைச்சகம்' என்றுதான் சொல்வார்கள். அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

டோகாஷிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. மே மாதம் நகரா ஆற்றில் அயு மீன் பிடிக்கும் பருவம் தொடங்கும் அன்று, ஒன்பது மீட்டர் கார்பன் தூண்டிலோடு தண்ணீரில் போய் நிற்க வேண்டும். கடைக் கண்ணாடி வழியாக அந்தத் தூண்டிலை அவர் பார்க்கிற பார்வையைச் சாயோகோ பார்த்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பாள். விலை மூன்று லட்சம் யென். முப்பதாயிரத்தில் மீன் படம்தான் வாங்க முடியும்.

அவர் வேலை பார்த்தது நாடாளுமன்ற உறுப்பினர் கன்பாராவிடம். தேர்தல் பேச்சு எழுதிக் கொடுக்கும் வேலை. அன்று காலை எழுதிக் கொடுத்தது இப்படி: 'வரி குறையும்! சலுகை கூடும்! நாட்டின் கடனும் தீரும்!'

கன்பாரா கண்ணாடியைக் கழற்றினார். "முதல் ரெண்டும் பிரமாதம்யா. மூணாவது எப்படி?"

"கையில காசு நின்னா ஜனங்க ஓடியாடி உழைப்பாங்க. நாடு வளரும். வரி தானா வந்து கொட்டும், ஐயா."

"எப்போ கொட்டும்?"

"தேர்தலுக்கு அப்புறம்."

"சபாஷ்!"

ஊருக்குச் சொன்னதை வீட்டில் சொன்னால் என்ன என்று டோகாஷிக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். சனி பிடித்ததும் அன்றைக்குத்தான்.

இரவுச் சாப்பாட்டில் ஆரம்பித்தார். "சாயோகோ, நான் சம்பளத்தை உன்கிட்ட குடுக்கறேனே, அதுதான் வரி. நீதான் அரசாங்கம்."

"சரி. மீன்ல முள் இருக்கு, பார்த்துச் சாப்பிடுங்க."

"வரி ரொம்ப ஜாஸ்தி. அதான் எனக்கு உழைக்கவே மனசு வர்றதில்ல. மாசம் ஒரு அம்பதாயிரம் வரியைக் குறை. உற்சாகமாயிடுவேன். சம்பளம் ஏறும். உனக்குத்தான் வருமானம் கூடும்."

சாயோகோ மீனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "அப்போ செலவு? உங்க பீரை நிறுத்தட்டுமா?"

"சேச்சே! செலவைக் குறைச்சா அரசாங்கம் கவிழ்ந்துடும்."

"ஞாயித்துக்கிழமை மாட்டுக்கறி?"

"அது மக்கள் நலத் திட்டம்."

"துண்டு விழுமே, அதுக்கு?"

"கடன் வாங்கு! பத்திரம் போடு. எல்லா நாடும் அதைத்தான் பண்ணுது. அதுவும் நம்ம நாட்டுக் கடன் பெரும்பாலும் நம்ம ஆளுங்ககிட்டயேதான் இருக்கு, பயமே இல்ல. உலகத்துலயே பத்திரமான முதலீடு அதுதான்."

சாயோகோ தலையாட்டினாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அவள் இப்படிச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு பீரைத் திறந்தார்.

நவம்பரில் முதல் ஐம்பதாயிரம் கைக்கு வந்தது. எங்கே ஒளிப்பது? முன்பு ஒருமுறை பனிக்காலச் செருப்புக்குள் வைத்தார், சாயோகோ செருப்பை வெயிலில் காயப்போட்டாள். மின்விசிறிப் பெட்டிக்குள் வைத்தார், குளிர்காலத்திலேயே மின்விசிறியைத் துடைத்தாள். அவள் கண்ணில் படாத இடம் வீட்டில் கிடையாது.

நேராக ஸ்டேஷன் பக்கத்துக் கோழிக்கறிக் கடைக்குப் போனார். கடைக்கார ஒகிவா அக்கா அறுபது தாண்டியும் கிண்ணென்று இருப்பவள். வியாழக்கிழமை மட்டும் கடைக்கு லீவு விட்டு எங்கேயோ போய்விடுவாள். கேட்டால், "இடுப்புக்குப் பயிற்சி தம்பி" என்பாள்.

"அக்கா, இது தூண்டில் பணம். மாசாமாசம் தர்றேன். ஏப்ரல் கடைசி வரைக்கும் பத்திரமா வெச்சிரு. வீட்டுக்குத் தெரிஞ்சா நான் செத்தேன்."

"சும்மாவா வெச்சிருக்கச் சொல்றே? நல்ல இடத்துல போட்டு வைக்கறேன். வட்டியா மாசம் ஒரு தட்டு கோழி ஈரல் உனக்கு."

உலகம் எவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டு டோகாஷி ஈரலைச் சாப்பிட்டார்.

சாயோகோவும் சும்மா இருக்கவில்லை. மாதம் முடிந்ததும் அழகான கெட்டித் தாளில் ஒரு பத்திரம் எழுதி நீட்டினாள். "முத்திரை குத்துங்க. நம்ம வீட்டுப் பத்திரம். நான் போற ஹவாய் ஹுலா நடன வகுப்புல ஒருத்தங்க வாங்கிக்கறாங்க. வட்டி அஞ்சு சதவீதம்."

"பாத்தியா! சந்தைக்கு நம்ம மேல எவ்வளவு நம்பிக்கை!" படிக்காமலே, கையெழுத்துக்குப் பதிலாக அங்கே செல்லும் குடும்ப முத்திரையைக் குத்தினார்.

ஜனவரியில், மின்சாரத்தில் சூடாகும் கழிப்பறை இருக்கை கெட்டுப்போனது. அந்தக் குளிரில் சூடாகாத இருக்கையில் உட்கார்வது வீரர்கள் வேலை. சாயோகோ, "ரிப்பேர் பண்ணிக்கலாம்" என்றாள். டோகாஷி விடவில்லை.

"மந்த நிலையில அரசாங்கம் தாராளமாச் செலவு பண்ணணும். அதுவும் இது அடிப்படைக் கட்டமைப்பு."

இருப்பதிலேயே உசத்தியான இருக்கை வந்தது. ஆள் உள்ளே நுழைந்ததும் அதன் மூடி தானாக எழுந்து நிற்கும், சங்கீதம் வாசிக்கும். டோகாஷிக்கு ஆபீஸில் யாரும் எழுந்து நின்றதில்லை. காலையில் இரண்டு தடவை போய் வந்தார். அதற்கும் ஒரு பத்திரம், அதற்கும் ஒரு முத்திரை.

உற்சாகம் வந்ததே தவிர, சம்பளம் ஏறவில்லை. ஏற்றித் தரச் சொல்லிக் கேட்டதற்குக் கன்பாரா, "நாட்டுக்காக உழைக்கிறோம்யா" என்று தோளில் தட்டினார். பழைய பத்திரத்துக்கு வட்டி கட்டப் புதுப் பத்திரம் போட்டாள் சாயோகோ. அதற்கும் டோகாஷி குத்தினார். குத்திக் குத்தி முத்திரையின் ஓரம் மழுங்கிவிட்டது.

ஏப்ரல் கடைசியில் சாயோகோ பத்திரக் கணக்கைப் படித்துக் காட்டினாள். டோகாஷிக்கு மீன் தொண்டையில் நின்றது.

"இவ்வளவா?"

"நீங்க குத்தினதுதாங்க. இனிமே பத்திரம் வாங்க மாட்டாங்களாம். மொத்தத்தையும் திருப்பிக் கேக்கறாங்க. வரியை ஏத்தட்டுமா? கைச்செலவு அஞ்சாயிரம் தர்றேன்."

"ஐயோ!"

"பீரை நிறுத்தட்டுமா?"

"ஐயையோ!"

மறுநாள் பிரசார வண்டியில் கன்பாராவின் காதைக் கடித்தார். "ஐயா, கடன் தலைக்கு மேல போயிட்டா நாம வழக்கமா என்ன சொல்லுவோம்?"

"அடுத்த தலைமுறை பாத்துக்கும்னு சொல்லுவோம்."

"எங்களுக்குக் குழந்தை இல்லையே ஐயா."

கன்பாரா அனுதாபமாகப் பார்த்தார். "அப்ப கஷ்டம்தான்யா."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சாயோகோ தன் ஒரே நல்ல பட்டுக் கிமோனோவைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். விற்றால் கொஞ்சம் கடன் அடையுமாம். அவள் ஒன்றும் குறை சொல்லவில்லை. அதுதான் டோகாஷிக்குத் தாங்கவில்லை. கல்யாணத்தன்று அவள் கட்டியிருந்த கிமோனோ அது. ஒரு குச்சிக்காகவா இவ்வளவும் செய்தோம் என்று அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"அதை விக்காதே. அரை மணி நேரம் பொறு" என்று சொல்லிவிட்டுக் குடைகூட எடுக்காமல் மழையில் ஓடினார். போகிற வழியில் தூண்டில் கடை இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டினார். தியாகம் பண்ணுகிறவன் நடை கொஞ்சம் கம்பீரமாகத்தான் இருக்கும். அவருக்கும் இருந்தது.

"அக்கா! என் பணத்தை எடு!" மூச்சு வாங்கியது. "தூண்டிலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வீட்டுக் கடனை அடைக்கணும். சாயோகோ கிமோனோவை விக்கப் போறா."

ஒகிவா அக்கா கோழியைத் திருப்பிப் போட்டாள். "உன் பணத்தைத் திருப்பித் தரத்தான் தம்பி நானும் ஒரு வாரமா வசூலுக்கு அலையறேன். போட்ட இடத்துல இருந்து வரணுமே."

"எங்க போட்டே? பத்திரமான இடம்னு சொன்னியே!"

"பத்திரமான இடம்தான். உலகத்துலயே பத்திரமானதுன்னு யாரோ பெரிய மனுஷன் சொன்னதா என் ஹுலா கூட்டாளி சொன்னா. அதை நம்பித்தான் வாங்கினேன்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தாள். உள்ளே ஆணியில், ஹுலா ஆடும்போது போடும் காகிதப் பூமாலை ஒன்று தொங்கியது. அதற்கு அடியிலிருந்து கெட்டித் தாள் கட்டு ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். ஒவ்வொரு தாளிலும் ஓரம் மழுங்கிய சிவப்பு முத்திரை. டோகாஷி குடும்பத்து முத்திரை.

டோகாஷி அதைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப... என் தூண்டில்?"

கடன் எதற்கெல்லாம் போனது என்று ஹுலா கூட்டாளி சொன்னது அக்காவுக்கு நினைவு வந்தது; பெருமூச்சு விட்டாள்.

"பாதியை நீயே ஞாயித்துக்கிழமை மாட்டுக்கறியாத் தின்னுட்டே தம்பி, மீதிப் பாதிதான் தினமும் காலையில உன்னைப் பார்த்து மூடியைத் தூக்கிட்டு எழுந்து நிக்குது."